ஒளியும் ஒளிப்பும்: கார்களின் மறைவிளக்கு பற்றிச் சில குறிப்புகள்

1

தமிழில் 'ஒளி' என்றால் வெளிச்சம். அதையே ஏவலாகச் சொன்னால் 'மறைந்துகொள்'. ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. பெயராக நின்றால் காட்டும், வினையாக நின்றால் மறைக்கும். அகராதிக்குள் மட்டும் சாத்தியம் என்று தோன்றுகிற இந்த இரட்டைத்தன்மை, இரும்பிலும் கண்ணாடியிலும் செய்யப்பட்டு ஏறக்குறைய எழுபது வருஷம் சாலையில் ஓடியிருக்கிறது. பகலில் ஒளிந்துகொண்டு இரவில் ஒளிவிடும் கார் விளக்கைச் சொல்கிறேன். 1935 நவம்பரில் நியூயார்க் கார் கண்காட்சியில் மக்கள் முன் வந்து, 2004இல் முடிந்துபோன ஒரு பொருள்.

கார் பற்றி அதிகம் தெரியாதவர்களும் ஆங்கிலப் படங்களில் இதைப் பார்த்திருக்கலாம். பகலில் அந்தக் காருக்குக் கண்ணே இருக்காது. முன்பக்கம் வழுவழுவென்று சரிந்து இறங்கும். இருட்டினதும் ஓட்டுபவர் விளக்கைப் போடுவார். பானெட்டில் இரண்டு மூடிகள் இமை திறப்பதுபோல எழும்ப, விளக்கு எட்டிப் பார்க்கும். அணைத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். சில கார்களில் விளக்கு எழும்பாது. அதன் முன்னால் இருக்கும் சிறு கதவோ கிரில்லோ விலகிக்கொள்ளும். இரண்டு வகையையும் சேர்த்து 'மறைவிளக்கு' என்று இந்தக் கட்டுரையில் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு கார் விளக்கைப் பற்றி இந்தப் பக்கங்களில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். விளக்கை விட, அது சொல்லப்படுகிற விதம்தான் காரணம். கார்ப் பிரியர்கள் இதைப் பற்றிப் பேசும்போது ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். வடிவமைப்பாளன் கனவு கண்டான். அழகான கார்கள் பிறந்தன. பிறகு தெருவில் நடப்பவன் அடிபட்டுவிடுவான் என்று ஐரோப்பாவில் சட்டம் போட்டார்கள். அதோடு அழகு செத்தது. இந்தக் கதையில் கலைஞன் இருக்கிறான், அரசு இருக்கிறது, பாதசாரி இருக்கிறான். கம்பெனி மட்டும் இல்லை. மறைவிளக்கின் வரலாற்றில் உண்மையிலேயே மறைந்து உட்கார்ந்திருப்பது அதுதான்.

ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலில் அன்றைக்குப் புதிதாக வந்திருந்த சித்ரோயன் டி.எஸ். காரைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. பெயர் தெரியாத கலைஞர்கள் கட்டின கோதிக் தேவாலயங்களோடு அவர் காரை ஒப்பிடுகிறார். வழிபடப்படுகிற பொருள், யார் செய்தது, எப்படிச் செய்தது என்ற தடயம் துடைக்கப்பட்ட பொருள். வரலாற்றில் நடந்த ஒன்று வரலாறு உதிர்ந்து, இயற்கையாக அப்படியே இருப்பதுபோலத் தோன்றுவதைத்தான் அவர் தொன்மம் என்றார். மறைவிளக்கின் கதையும் இந்த அர்த்தத்தில் ஒரு தொன்மம். உதிர்ந்துபோன வரலாற்றைக் கொஞ்சம் பொறுக்கிச் சேர்த்துப் பார்க்கலாம்.

2

1930கள் வரை விளக்கு என்பது காரின் உடம்போடு ஒட்டாத ஒரு உறுப்பு. குதிரை வண்டியில் லாந்தர் தொங்கின மாதிரி, மட்கார்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கிண்ணமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். முப்பதுகளில் விமானத்தின் வடிவம் எல்லாப் பொருளுக்கும் முன்மாதிரி ஆனது. ரயில் எஞ்சின்கூடக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற தோற்றத்துக்கு மாறியது. இந்த வடிவத்துக்குள் துருத்திக்கொண்டிருக்கும் விளக்கு ஒரு இடைஞ்சல்.

இடைஞ்சலை ஒளித்துவைத்த முதல் பிரபலமான கார், அமெரிக்காவின் கார்டு 810. வடிவமைத்தவர் கோர்டன் பியூரிக். கார்டு குழுமத்தின் கையில் ஸ்டின்சன் விமானக் கம்பெனியும் இருந்தது. அந்த விமானங்கள் தரையிறங்கும்போது பயன்படுத்தும் விளக்கை எடுத்து, காரின் மட்கார்டுக்குள் பதித்தார்கள். மோட்டார் கிடையாது. டாஷ்போர்டின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு கைப்பிடி. ஓட்டுபவர் தன் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றிவிட்டு, தனியாக வந்திருந்தால் எதிர் ஓரத்துக்கு எக்கி மற்றதையும் சுற்ற வேண்டும். உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே வந்த விலை உயர்ந்த கார் இது. இதையும் இதன் அடுத்த மாடலான 812ஐயும் சேர்த்து மூவாயிரம்கூடச் செய்யவில்லை. 1937இல் உற்பத்தி நின்றுபோனது. 1951இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டுக் கார்களைக் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தபோது, அதில் ஒரு கார்டு 812ம் இருந்தது. சந்தையில் தோற்றது கலையாக உயிர்த்தெழுந்தது என்று சொல்லலாம்.

1942 மாடல் டி சோட்டோவில் விளக்கின் முன்னால் மூடி வந்தது. அந்த வருஷம் பிப்ரவரியிலேயே போருக்காக அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு இருபது வருஷம் பெருமளவு உற்பத்தியில் மறைவிளக்கு கிடையாது.

ஆக, பிறந்தபோது இது ஒரு ஆடம்பரம். இதற்கு ஒரு தேவை இருந்தது என்று சொல்ல முடியாது. தேவை அதே காலத்தில் வேறொரு இடத்தில், சத்தமில்லாமல் உருவாகிக்கொண்டிருந்தது.

3

1940 மாடல்களிலிருந்து அமெரிக்காவில் எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும் ஒரே விளக்கு. வட்டம், 7 அங்குல விட்டம், காருக்கு இரண்டு. இழை, பிரதிபலிக்கும் கிண்ணம், முன்கண்ணாடி மூன்றையும் ஒன்றாக அடைத்து மூடின கண்ணாடிக் குடுவை அது. 'சீல்டு பீம்' என்று பெயர். நம்ம ஊர் அம்பாசடர், பியட் கார்களின் உருண்டை முகத்தை நினைத்துக்கொண்டால் தோற்றம் பிடிபட்டுவிடும்.

அதற்கு முன்னால் விளக்குக்குள் தூசியும் ஈரமும் போகும், பிரதிபலிப்பான் கறுக்கும், வெளிச்சம் மாதாமாதம் மங்கும். கம்பெனிக்கு ஒரு விளக்கு, மாநிலத்துக்கு ஒரு சட்டம். இந்தக் குழப்பத்துக்கு முடிவாகத்தான் பொது விளக்கு வந்தது. எரிந்துபோனால் முழுக் குடுவையையும் கழற்றி எறிந்துவிட்டு, போகிற வழியில் ஏதாவது ஒரு கடையில் புதிதாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் கண்ணாடி புதிது, பிரதிபலிப்பான் புதிது. கேடிலாக்கில் போகும் முதலாளியும், பழைய ஃபோர்டு வைத்திருக்கும் பண்ணைக் கூலியும் ஒரே கடையில் ஒரே விளக்கை ஒரே விலைக்கு வாங்கியாக வேண்டும். முதலாளித்துவத்தின் நடுமையத்தில், அதன் மிகப் பெரிய பண்டத்தின் முகத்தில், எல்லாருக்கும் பொதுவான ஒரு உறுப்பு.

இதைப் புனிதப்படுத்திவிடவும் கூடாது. பொதுத்தரம் ஒரு பக்கம் எல்லாருக்கும் கதவைத் திறக்கிறது. இன்னொரு பக்கம் உறைய வைக்கிறது. 1957-58இல் 5¾ அங்குல விளக்கு நான்கு வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. 1970களின் நடுவில் செவ்வகம் வந்தது. அதற்கும் அளவு நிர்ணயம் உண்டு. அவ்வளவுதான் மாற்றம். ஐரோப்பாவில் 1962இல் எச்1 ஹாலஜன் பல்பும், 1971இல் எச்4ம் வந்துவிட்டன. அமெரிக்கச் சாலைக்கு ஹாலஜன் எட்ட எழுபதுகளின் கடைசி ஆகிவிட்டது. எல்லாருக்கும் ஒரே விளக்கு என்பது பல வருஷம் எல்லாருக்கும் ஒரே மங்கல் வெளிச்சம் என்றும் ஆனது. சமத்துவம் பற்றிப் பேசுகிற நாம் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கம்பெனிகளுக்கு இதில் உறுத்தினது வேறு. பண்டம் தன்னைப் போன்ற இன்னொரு பண்டத்திலிருந்து வித்தியாசப்பட்டுக் காட்டியாக வேண்டும். அதில்தான் அதன் பிழைப்பு இருக்கிறது. வருஷா வருஷம் புது மாடல் விற்கிற தொழிலில், முகத்தில் எல்லார் காருக்கும் ஒரே கண். மட்கார்டை மாற்றலாம், கிரில்லை மாற்றலாம், வாலில் சிறகு வைக்கலாம். கண்ணை மட்டும் தொட முடியாது. தொட முடியாததை என்ன செய்வது? மூடலாம்.

4

1962இல் பிரிட்டனின் லோட்டஸ் எலான் மறைவிளக்கோடு வந்தது. 1963இல் செவர்லே கார்வெட் மின்மோட்டாரால் சுழன்று திரும்பும் விளக்கோடு வந்தது. 1966இல் டாட்ஜ் சார்ஜர், 1967இல் மெர்க்குரி கூகர், பிறகு லிங்கன் காண்டினென்டல் மார்க் 3. செவர்லே கமாரோவின் உதாரணம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். 'ரேலி ஸ்போர்ட்' என்ற பெயரில் கூடுதல் காசு கொடுத்தால் விளக்கின் மேல் மூடி. கொடுக்காதவனுக்குத் திறந்த வட்டம். அதே கார். மூடிக்குப் பின்னாலும் அதே சீல்டு பீம். விற்றது மூடி.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கலாம். வழக்கமாகப் பண்டம் எதையாவது கூடுதலாகக் காட்டித்தான் மதிப்பு ஏற்றும். இங்கே ஒன்றை மறைத்ததற்குக் காசு. மறைக்கப்பட்டது எது என்றால், நீயும் மற்றவனும் ஒரே விளக்கில்தான் ஓட்டுகிறீர்கள் என்ற உண்மை.

அடுத்த தள்ளு அரசிடமிருந்து வந்தது. 1968 ஜனவரியில் நடப்புக்கு வந்த அமெரிக்கக் கூட்டரசின் 108ஆம் எண் பாதுகாப்புத் தரம், எரியும் விளக்கின் முன்னால் கண்ணாடித் தடுப்பு வைப்பதைத் தடை செய்தது. ஜாகுவார் இ-டைப் தன் கண்ணாடி மூடியை இழந்தது. பார்த் எழுதின அதே சித்ரோயன் டி.எஸ்., 1967இல் திருத்தி அமைக்கப்பட்டபோது, கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் விளக்கைக் கொண்டுவந்தது. வளைவுக்குள் முன்கூட்டியே எட்டிப் பார்க்கும் விளக்கு. அமெரிக்காவில் அது சட்டவிரோதம். அங்கே போன டி.எஸ்.ஸுக்குக் கண்ணாடியும் இல்லை, திரும்பும் விளக்கும் இல்லை. ஃபெராரி டேடோனா 1968இல் ஒளி ஊடுருவும் தடுப்புக்குப் பின்னால் விளக்கை வைத்து வந்தது. அமெரிக்கச் சந்தைக்காக 1971இல் எழும்பும் விளக்குக்கு மாறியது. இத்தாலியக் கலைஞனின் கனவு என்று இன்று சுவரொட்டியாகத் தொங்குகிற முகத்தின் ஒரு பாதியை எழுதினது வாஷிங்டன் அலுவலகத்தின் ஒரு விதி.

உயரம் இன்னொரு சிக்கல். விளக்கு தரையிலிருந்து குறைந்தபட்சம் இவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. இப்போதைய அமெரிக்க விதியில் அது 22 அங்குலம். எழுபதுகளில் ஆப்பு மாதிரித் தாழ்ந்த மூக்கு நாகரிகமானது. எண்ணெய் நெருக்கடி வந்ததும் காற்றுத் தடையைக் குறைப்பது தேவையும் ஆனது. மூக்கு தாழ வேண்டும், விளக்கு உயர வேண்டும். இரண்டையும் சேர்த்துவைக்க ஒரே வழி, வேண்டும்போது மட்டும் எழும்பும் விளக்கு. ஃபியட் எக்ஸ் 1/9, லம்போர்கினி கவுன்டாக், போர்ஷே 924, மாஸ்டா ஆர்.எக்ஸ்.7 எல்லாம் இந்த வரிசை. ஆனால் இரவில் மூடி எழும்பினதும் இரண்டு பலகைகள் காற்றுக்குக் குறுக்கே நிற்கும். சேமிப்பு பகலுக்கு மட்டும்.

எண்பதுகளில் ஜப்பான் இதை நடுத்தர வர்க்கத்துக்கு இறக்கிக் கொடுத்தது. 1985இன் ஹோண்டா அக்கார்டு ஒரு குடும்பக் கார். அது மறைவிளக்கோடு வந்தது. ஐரோப்பாவில் அதன் சில வடிவங்கள் சாதாரண விளக்கோடு விற்றன. 1983இன் டொயோட்டா ஏ.இ.86க்கு இரண்டு முகம்: 'ட்ரூனோ' என்றால் எழும்பும் விளக்கு, 'லெவின்' என்றால் நிலையான விளக்கு. அடியில் ஒரே கார். 1995இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற சித்திரத் தொடர்கதையில் நாயகன் ஓட்டுவது ட்ரூனோ. அதனால் அந்த முகம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

இது எப்படி வேலை செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அறுபதுகளின் பல கார்களில் மூடியை இயக்கினது எஞ்சினின் உறிஞ்சும் சக்தி. மெல்லிய ரப்பர் குழாய்கள் வழியாக அந்த வெற்றிடம் போய் மூடியைத் தூக்கும். லோட்டஸ் எலானில் சட்டத்தின் முன்குறுக்குத் தண்டே வெற்றிடத்தைச் சேர்த்துவைக்கும் தொட்டி. குழாய் எங்காவது கசிந்தால் ஒரு மூடி எழும்பும், மற்றது எழும்பாது. கார் கண்ணடித்துக்கொண்டு நிற்கும். இருட்டில் மூடி திறக்காவிட்டால் சிரிப்புக்கு இடமில்லை. 1969 கமாரோவின் மூடியில், திறக்காவிட்டாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியட்டும் என்று கண்ணாடிக் கீற்றுகள் வைத்தார்கள். மூடி 3 விநாடிக்குள் திறக்க வேண்டும், மின்சாரம் போனாலும் திறந்தது திறந்தபடி நிற்க வேண்டும் என்று கூட்டரசு தனித் தரமே போட்டது. கவனிக்க: அரசு மறைவிளக்கைத் தடை செய்யவில்லை. அதற்கென்று விதி எழுதி அனுமதித்தது.

5

உடைப்பு 1983இல் நடந்தது. ஃபோர்டு கம்பெனியின் மனுவை ஒட்டி, பல்பை மட்டும் தனியாக மாற்றக்கூடிய, கம்பெனி விரும்பின வடிவத்தில் செய்துகொள்ளக்கூடிய விளக்குக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 1984 மாடல் லிங்கன் மார்க் 7 அந்த விளக்கோடு வந்த முதல் அமெரிக்கக் கார். நாற்பத்து மூன்று வருஷப் பொது விளக்கின் ஆட்சி அங்கே முடியத் தொடங்கியது.

இதற்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்வது சுலபம். கண்ணைத் தொட முடியாததால்தான் மூடினார்கள். இப்போது கண்ணையே விரும்பினபடி செதுக்கலாம்: வளைத்து, நீட்டி, பானெட்டின் சரிவோடு சரிவாக. கண்ணாடிக்குப் பதில் வார்த்தெடுத்த பாலிகார்பனேட். கணினியில் கணக்கிட்ட பிரதிபலிப்பான்கள் வந்ததும் முன்கண்ணாடியில் கோடுகூட வேண்டாம். மூடி, மோட்டார், கம்பி, கீல், அதன் எடை, அதன் பழுது, அதன் கூலி எல்லாம் மிச்சம். விளக்கே கம்பெனியின் முத்திரையாக மாறியது. தூரத்தில் வரும் காரை இன்று விளக்கை வைத்தே என்ன கம்பெனி என்று சொல்லிவிடுகிறோம். மூடி செய்துகொண்டிருந்த வேலையை, அதாவது வித்தியாசப்படுத்திக் காட்டும் வேலையை, விளக்கே ஏற்றுக்கொண்டது.

மாற்றம் உடனே நடந்துவிடவில்லை. 1989இல்கூட மாஸ்டா எம்.எக்ஸ்.5, பி.எம்.டபிள்யூ 8 வரிசை என்று புதிய மறைவிளக்குக் கார்கள் வந்தன. 1990இல் ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். வந்தது. ஆனால் தொண்ணூறுகளில் ஒவ்வொன்றாகக் கழன்றது. ஃபெராரி 1994இல் எஃப்512 எம் காரில் நிலையான விளக்குக்கு வந்தது. எம்.எக்ஸ்.5இன் இரண்டாம் தலைமுறை 1998இல் திறந்த கண்ணோடு வந்தது. பி.எம்.டபிள்யூவின் 8 வரிசையும் ஃபெராரி எஃப்355ம் 1999இல் முடிந்தன. என்.எஸ்.எக்ஸ். 2002 மாடலில் மாறியது. கடைசியாக மிச்சமிருந்த லோட்டஸ் எஸ்பிரிட்டும் ஐந்தாம் தலைமுறை கார்வெட்டும் 2004இல் நின்றன.

6

இப்போது பாதசாரியிடம் வருவோம். அவன் மேல்தானே பழி.

பாதசாரிப் பாதுகாப்புக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003/102 என்ற ஆணை 2003 நவம்பரில் நிறைவேறியது. 2005 அக்டோபரிலிருந்து புதிய மாடல்களுக்குப் பொருந்தத் தொடங்கியது. காரின் முன்பக்கம் மோதினால் நடப்பவரின் கால், தலை எவ்வளவு தாங்கும் என்பதைச் சோதிக்கும் விதி அது. 'மறைவிளக்குக்குத் தடை' என்ற வாசகம் அதில் கிடையாது. கூரான விளிம்புகளும் கடினமான பலகைகளும் எழும்பி நிற்கும் முன்பக்கத்தை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையில் தேறுவது கஷ்டம் என்பது உண்மை. மறைவிளக்கு திரும்பி வராமல் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் மேலே சொன்ன வருஷங்களைத் திரும்பப் பாருங்கள். விதி நடப்புக்கு வரும்போது கொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அமெரிக்காவைப் பார்த்தால் இன்னும் தெளிவு. மூடினால் மறையும் விளக்கை அந்த நாட்டுச் சட்டம் இன்றும் அனுமதிக்கிறது. பாதசாரியின் தலையைக் காப்பதற்கான தரம் ஒன்று அங்கே 2024 செப்டம்பரில்தான் முன்மொழிவாகவே வந்தது. கார்வெட் மூடியைக் கைவிட்டது அதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால். அதே நாட்டில் கார் மோதி இறந்த பாதசாரிகள் 2009இல் நாலாயிரத்துச் சொச்சம்; 2022இல் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல். பானெட் நெஞ்சு உயரத்துக்கு ஏறின வண்டிகள் தெருவை நிறைத்த காலம் இது. பாதசாரிக்காகக் கார் தன் அழகைத் தியாகம் செய்தது என்ற கதை, பாதசாரி செத்துக்கொண்டிருக்கும் தெருவிலேயே சொல்லப்படுகிறது.

விளக்கு யாருக்காக எரிகிறது என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. முகப்பு விளக்குக்கு இரண்டு வேலை: ஓட்டுபவர் பார்க்க, மற்றவர்கள் காரைப் பார்க்க. மறைவிளக்கு முதல் வேலையை மட்டும் ஒத்துக்கொண்ட பொருள். எனக்குப் பார்க்க வேண்டியிருக்கும்போது திறப்பேன், இல்லாவிட்டால் மூடிக்கொள்வேன். எதிரே நடந்து வருபவர், சைக்கிளில் வருபவர், ரோட்டைக் கடக்கும் குழந்தை யாரும் இந்தக் கணக்கில் இல்லை. ஸ்வீடன் 1977இல் பகலிலும் விளக்கை எரியவிட வேண்டும் என்று சட்டம் போட்டது. கனடா 1989 டிசம்பரிலிருந்து புதிய வண்டிகளுக்குப் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது; ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் புதிய மாடல்களுக்கு. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் விளக்கு தானாகவே எரிகிறது. அந்தப் புதிதில் எதிரே வருகிற முகம் தெரியாத ஆளெல்லாம் விரல்களை மடக்கி விரித்து 'லைட் எரியுது' என்று சைகை காட்டினது நினைவிருக்கும். விளக்கு என்றால் ஓட்டுபவருக்கு என்றே நாமும் பழகியிருந்தோம். எதிரே வருபவர் நம்மைப் பார்க்கட்டும் என்றுதான் அது எரிகிறது என்பது பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று. வண்டி ஓடும்போதெல்லாம் எரிய வேண்டிய விளக்குக்கு மூடி எதற்கு?

7

சரி, மூடி போனதால் யாருக்கு என்ன நஷ்டம்? உள்ளபடி சொன்னால், அழகைத் தவிர ஒன்றுமில்லை. மூடி இல்லாத விளக்கு மலிவாகச் செய்யலாம், பழுது குறைவு, வெளிச்சம் நல்லது, எல்லாருக்கும் தெரியும். இதில் அழுவதற்கு எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் மூடியோடு சேர்ந்து இன்னொன்றும் போனது. மூடிக்கு உள்ளே இருந்த பொது விளக்கு. அதற்காக யாரும் அழுது நான் படித்ததில்லை.

இன்று ஒரு மாடலின் விளக்கு அடுத்த மாடலுக்குப் பொருந்தாது. எல்.ஈ.டி. வந்த பிறகு பல கார்களில் பல்பு என்று தனியாக மாற்ற ஒன்றும் இல்லை. ஓரம் உடைந்தாலும் முழு விளக்கையும் வாங்க வேண்டும். அமெரிக்காவில் அதன் விலை நூற்றுக்கணக்கான டாலர், சிலவற்றில் ஆயிரத்துக்கு மேல். சிலவற்றை மாட்டினால் மட்டும் போதாது, காரின் கணினியோடு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அந்தக் கருவி தெருமுனை மெக்கானிக்கிடம் இருக்காது. பாலிகார்பனேட் வெயிலில் மஞ்சளாகப் பூத்துப்போகும். பத்து வருஷம் ஓடின காரின் விளக்கைப் பார்த்தால் கண்புரை வந்த மாதிரி இருக்கும். வாங்க வசதி இருப்பவர் மாற்றிக்கொள்வார். இல்லாதவர் அந்த மங்கலோடு இரவில் ஓட்டுவார். எந்த மங்கலைத் தீர்ப்பதற்காக 1940இல் பொது விளக்கு வந்ததோ, அது ஏழையின் காருக்கு மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

2019இல் அமெரிக்கக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டியின் பானெட், முகப்பு விளக்கு இரண்டின் வடிவத்துக்கும் கம்பெனி வாங்கிவைத்திருந்த வடிவமைப்புக் காப்புரிமை பற்றின வழக்கு. மாற்று உதிரிபாகம் செய்கிறவர்களின் சங்கம் வாதாடியது: உடைந்த பாகத்தை மாற்றுகிறவனுக்குப் பழையது மாதிரியே ஒன்றுதான் வேண்டும், வேறு வடிவம் உதவாது, ஆகவே இந்த வடிவம் வெறும் அலங்காரம் இல்லை. நீதிமன்றம் ஏற்கவில்லை, காப்புரிமை செல்லும் என்றது. 1983இல் பொது விளக்கை உடைக்க மனுப் போட்டதும் ஃபோர்டு. 2019இல் தன் விளக்கின் வடிவத்தைத் தன் சொத்தாக நிறுத்திக்கொண்டதும் ஃபோர்டு. இந்த முப்பத்தாறு வருஷத் தூரம்தான் மறைவிளக்குக் கதையின் விடுபட்ட அத்தியாயம்.

இதற்கு எதிராகவும் ஆட்கள் இருக்கிறார்கள். கார்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்காக மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். கம்பியில்லாமல் போகும் வண்டித் தகவல்களையும் சேர்த்து 2020இல் மறுபடி வாக்களித்தார்கள். டிராக்டருக்கும் போனுக்கும் இதே வழக்கு நடக்கிறது. பழைய 7 அங்குல வட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது உறைந்துபோன தரம் என்று முன்பே சொன்னேன். உறையாத பொதுத்தரம் ஒன்று சாத்தியமா, வெளிச்சம் வளர வளரத் தானும் வளர்கிற பொது விளக்கு ஒன்றை யார் கேட்பது, யாரிடம் கேட்பது என்பதுதான் கேள்வி. கேட்பதற்கு முன்னால், அப்படி ஒன்று ஒரு காலத்தில் இருந்தது என்பதாவது நினைவில் இருக்க வேண்டும். மூடியின் அழகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அந்த நினைவும் மூடிக்கொள்ளும்.